பத்தாயிரம் காரணிகள் கொண்ட எண்

தனக்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண், உயர் பகு எண் எனப்படும். திருத்தணி மலைப்படிகளின் எண்ணிக்கையான 365-க்கு 1, 5, 73, 365 என நான்கே காரணிகள். அதைவிடச் சிறிய 360-க்கு 24 காரணிகள். 360 ஓர் உயர் பகு எண்.

ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன் 1915-இல் இவ்வகை எண்களைப் பட்டியலிட்டார். அதன் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. மொத்தம் 13 இலக்கங்கள்.

ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை. இவற்றைப் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் தடவை கூடுவதில்லை. உயர் பகு எண்கள் அனைத்துக்கும் இதுவே விதி.

ஒவ்வொரு பகா எண்ணும் வரும் தடவையுடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை தெரியும். அதாவது 7, 5, 3, 3, பின்னர் ஐந்து 2. விடை 10,080.

அந்தப் பட்டியலில் ராமானுஜன் தவறவிட்டது ஒரே ஓர் எண்: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதை 23-ஆல் பெருக்கினால் வருவது, பட்டியலின் அந்தக் கடைசி எண்தான்.