புல்மோட்டை மணல்: வருமானமா, முதலா?

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், கொக்கிளாய்க் களப்பை அண்டிய புல்மோட்டைக் கடற்கரையின் மணல் கறுத்துக் கிடக்கும். கறுப்புக்குக் காரணம் இல்மனைட் என்ற கனியம். ரூடைலும் சிர்கோனும் அதோடு கலந்துள்ளன. இந்த மணலை அள்ளிப் பிரித்து விற்பது 1957இல் அரச கூட்டுத்தாபனமாகத் தொடங்கி, இன்று ‘லங்கா மினரல் சேண்ட்ஸ்’ என வழங்கும் அரச கம்பனி. இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ரூடைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் இரண்டுக்கும் அசையாது. ஆலையில் நடக்கும் பிரிப்பு அவ்வளவுதான்.

பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடல் சேர்ந்தவை இக்கனியங்கள். இல்மனைட் சாதாரண மணலைவிட ஒன்றே முக்கால் மடங்கு பாரமானது. ஆகவே வாடைக்கால அலைகள் வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு கறுப்பைக் கரையில் விட்டுச் செல்கின்றன. ‘கடல் திரும்பத் தந்துவிடும்’ என்ற ஆறுதல் இதிலிருந்து பிறந்தது. அது பாதி உண்மை. கடல் சேர்ப்பதைவிட வேகமாக அள்ளினால் குறைவது பழைய படிவு. போரின்போது, 1997இல், இல்மனைட் ஏற்றிய கப்பல் தாக்கப்பட்டபின் தொழில் நீண்டகாலம் முடங்கியது. அந்த ஆண்டுகளில் மணல் இருந்த இடத்திலேயே இருந்தது. போர் செய்த ஒரே சேமிப்பு அதுவாக இருக்கலாம்.

சிக்கல் அரச கணக்கில் இருக்கிறது. விற்பனையிலிருந்து திறைசேரிக்குச் சேரும் பணம் சம்பளத்திலும் கடன் வட்டியிலும் கலந்துவிடும். வரவு பதிவாகிறது, கரையிலிருந்து போன மணல் பதிவாவதில்லை. தீர்ந்துபோகும் வளத்திலிருந்து கிடைக்கும் உபரியை நிலைத்த முதலாக மாற்றவேண்டும் என்று 1977இல் பொருளியலாளர் ஜோன் ஹார்ட்விக் காட்டினார். நோர்வே 1990இல் எண்ணெய்ப் பணத்துக்கெனத் தனி நிதியத்தைச் சட்டத்தால் நிறுவியது. இன்று அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 வீதமே செலவிடலாம் என்பது வழிகாட்டு விதி. நவூருவும் பொஸ்பேற்றுப் பணத்துக்கு நிதியம் வைத்திருந்தது; மோசமான முதலீடுகளில் அதன் பெரும்பகுதி கரைந்தது. நிதியம் இருந்தால் மட்டும் போதாது.

புல்மோட்டைப் பணம் நோர்வேயோடு ஒப்பிடத்தக்கதல்ல. இங்கு பொருந்துவது எளிய ஏற்பாடு: வருமானத்தில் ஒரு பங்கை நாளாந்தச் செலவிலிருந்து பிரித்து, அள்ளிய கரையைச் சீராக்கவும் பிரதேசத்தின் மீன்பிடி இறங்குதுறை, பாடசாலை போன்றவற்றுக்கும் ஒதுக்குவது.

மூலப்பொருளாக விற்பதை விட்டு, கேரளத்தின் சவறையில் நடப்பதுபோல இல்மனைட்டிலிருந்து வெண்ணிறமி தயாரிக்கலாம் என்பதும் பழைய யோசனை. விலை பலமடங்கு கிடைக்கும். ஆனால் அத்தொழிலின் அமிலக் கழிவைச் சுத்திகரிக்கும் செலவும் முதலீட்டுக் கணக்கில் முதலிலேயே ஏறவேண்டும். பக்கத்திலேயே கொக்கிளாய்க் களப்பும் அதை நம்பிய மீனவரும் இருக்கிறார்கள்.