பிளக்குக்கு வயசு என்ன?

சாயங்காலம் ஆறரை மணிக்கு அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் ரோட்டுல பைக் ஓட்டியிருக்கீங்களா? ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர், பிரேக். திரும்ப ஃபர்ஸ்ட். உங்க பைக் பத்தாயிரம் ஆர்.பி.எம். வரை சீறக்கூடியதா இருக்கலாம். மந்தைவெளி தாண்டுறதுக்குள்ள நாலாயிரத்தைத் தொட்டாலே பெரிய விஷயம்!

அதே பைக்கை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல இறக்கினா கதையே வேற. 1990-ல திறந்த, சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று. நேர் ரோட்டுல த்ராட்டிலை முழுசா முறுக்குவீங்க. ஆக, 'ஸ்பார்க் பிளக் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?'னு யாராவது கேட்டா, 'எங்கே ஓடின கிலோமீட்டர்?'னு திருப்பிக் கேளுங்க.

சின்னக் கணக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் பத்தாயிரம் ஆர்.பி.எம்.ல ஓடினா, ஒரு பிளக் நிமிஷத்துக்குக் குறைஞ்சது 5,000 தடவை பொறி விடணும். ஒவ்வொரு பொறியும் எலெக்ட்ரோடை ஒரு துளி அரிக்கும். முனை மழுங்கும், இடைவெளி கூடும், பொறி தாவ அதிக வோல்டேஜ் வேணும். சிலிண்டர்ல அழுத்தம் ஏற ஏற இது இன்னும் கஷ்டம். அதனாலதான் தேய்ஞ்ச பிளக் சிக்னல்ல சமத்தா இருந்துட்டு, முழு த்ராட்டில்ல மட்டும் மிஸ்ஸிங் காட்டும்.

பெரிய எதிரி சூடு. பிளக்கோட முனை சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தாத்தான் கரி தானா எரியும். 850-ஐ ரொம்பத் தாண்டினா, பொறி வர்றதுக்கு முன்னாடியே முனையோட தகிப்பே பெட்ரோலைப் பத்த வெச்சிடும். பிஸ்டன்ல ஓட்டை விழறது இப்படித்தான். லேப்ல எஞ்சினை டைனமோமீட்டர்ல பூட்டி, மணிக்கணக்கா முழு லோடுல ஓட்டி, இடைவெளி எவ்வளவு கூடுச்சுனு அளந்து பார்ப்பாங்க.

டிராக்குல அவ்வளவு வசதி கிடையாது. அங்கே 'பிளக் சாப்'. புது பிளக் மாட்டி முழு த்ராட்டில்ல ஓட்டி, கிளட்ச் பிடிச்சு அதே நொடியில எஞ்சினை ஆஃப் பண்ணி, உருண்டே பிட்டுக்கு வரணும். (ஈ.சி.ஆர்.ல ட்ரை பண்ணாதீங்க, ப்ளீஸ்!) கழட்டினா பீங்கான் பேசும். வெளிர் பழுப்புனா நலம். காய்ஞ்ச கறுப்புனா பெட்ரோல் அதிகம், இல்லை பிளக் கோல்டு. வெள்ளை வெளேர்னு கொப்புளம்னா அதிக சூடு. குட்டிக் குட்டியா அலுமினியப் பொட்டு தெரிஞ்சா வண்டியை உடனே ஓரங்கட்டுங்க. அது பிஸ்டன்ல இருந்து உருகி வந்தது.

ஒரு பொறி இருக்கு, நெருப்புப் பொறி இல்லை, எலிப்பொறி! என்.ஜி.கே. பிளக்குல நம்பர் ஏறினா 'கோல்டு', அதாவது சூட்டை வேகமா வெளியே கடத்தும். பாஷ்ல நேர் தலைகீழ். நம்பரை மட்டும் பார்த்து மாத்தினா பர்ஸ் பழுத்துடும்.

இரிடியம் போட்டா பவர் கூடுமானு கேக்குறீங்க. ஆரோக்கியமான எஞ்சின்ல வித்தியாசம் தெரியறதே அபூர்வம். இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல வேணும். நிக்கலுக்கு 1,455 போதும். அதனால மெல்லிய முனையும் நிறைய நாள் நிக்கும். காசு அதுக்குத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்த முனையும் போச்சு!

மாட்டும்போது முதல் நாலஞ்சு சுத்து கையாலயே திருகுங்க. சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை போச்சுனா செலவு பிளக்கோட நிக்காது.