காற்றுதான் இங்கே மேடு

காலை ஐந்தரை மணிக்கு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் நின்று மின்சார சைக்கிளின் பேட்டரியைப் பார்த்தேன். ஐந்து கோடும் எரிந்தன. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காடு நோக்கிப் புறப்பட்ட இடம் இது. முகப்புத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. நான் போக வேண்டியது வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்துக்கு. சுமார் 15 கிலோமீட்டர்.

பெடல் அச்சின் பக்கத்தில் காந்தங்கள் பதித்த சின்ன வட்டத் தட்டு ஒன்று உண்டு. மிதித்ததும் அது சுழல்வதை சென்சார் கண்டுகொள்ளும். பின்சக்கர மோட்டாருக்குக் கரண்ட் பாயும். கால் நின்றால் மோட்டாரும் நிற்கும். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். விடாமல் மிதிக்கும் சாதாரண ஆள் தருவது 75 முதல் 100 வாட் வரைதான். மோட்டார் எவ்வளவு பெரிய துணை என்று இதிலிருந்தே புரியும்.

வடசென்னை மேடு பள்ளம் இல்லாத மண். ஏற்றம் என்று இருந்தால் அது மேம்பாலம்தான். சைக்கிளும் ஆளுமாக 100 கிலோவை எட்டு மீட்டர் உயரம் ஏற்ற, கணக்குப்படி இரண்டு வாட்-மணிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் செலவாகும். என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. அதாவது 360 வாட்-மணி. பாலங்களைப் பற்றிக் கவலையே இல்லை.

காசிமேட்டில் மீன் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. திருவொற்றியூரில், 1950-களிலிருந்து புல்லட் தயாரித்த ராயல் என்ஃபீல்டு ஆலையைச் சத்தமில்லாமல் கடந்தேன். கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் இந்த அமைதி ஆபத்து. நாம் வருவது டிரைவருக்குக் கேட்காது. மணியை விடாமல் அடித்தேன்.

முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கடலைச் சேர்கிறது. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் பெண்கள் சிலர், பறிக் கூடையைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரல் நுனிதான் அவர்களுக்குக் கண். அனல்மின் நிலையச் சாம்பலும் 2023-ல் பரவிய எண்ணெயும் படிந்தது இந்தச் சேற்றில்தான். காரில் பாலத்தைக் கடப்பவருக்கு இந்தக் கைகள் தெரியாது. தெரிய வேண்டும்.

திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நிலம் சூடேறி, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழுந்துவிட்டது. வரும்போது ஒரு கோடுதான் குறைந்திருந்தது; இப்போது கோடுகள் மளமளவென்று அணைந்தன. காரணம் எளிது. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மீது 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று நேராக அடித்தால், உடம்பில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. இது காற்று இல்லாதபோது மோதுவதைப்போல ஒன்றேமுக்கால் மடங்கு. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். எனவே மூன்று மடங்கு. மலை இல்லாத ஊரில் காற்றே மலையாகி நிற்கிறது. வேகத்தை 12-க்குக் குறைத்தேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றோடு மல்லுக்கட்டும் செலவில் நாற்பது சதவீதம் மிச்சம்.

வேகம் குறைந்ததும் இடப்பக்கம் கடல் கண்ணில் நின்றது. அலைகளும் தெற்கிலிருந்து சாய்ந்துதான் வந்தன. அப்படி வரும் அலை ஒவ்வொரு முறையும் கரை மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்கு மீனவர்கள் வைத்த பெயர் தெண்டி. வாடைக்காலத்தில் திசை மாறினாலும், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். பல லட்சம் கன மீட்டர். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் நீட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் மறிபட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே அலை அரித்தது. ஈடுகட்ட மணல் வரவில்லை. மெரினாவில் நாம் காலாற நடக்கும் மணலில் பெரும்பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்திருக்க வேண்டியது. தெருக்கள் கடலுக்குள் போனதைக் கண்ட பெரியவர்கள் இந்தக் குப்பங்களில் இருக்கிறார்கள். நகரம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மணலுக்குப் பதிலாக இப்போது கருங்கல் சுவர் இருக்கிறது. இடையிடையே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள். ஒன்றின் அருகே சைக்கிளை நிறுத்தினேன். பேட்டரியில் ஒரே கோடு. சங்கிலியில் உப்பு பூத்திருந்தது. வளைவின் வடபுறம் அலை நேரே கல்லில் மோதியது. தென்புறம் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தது. அந்தக் கைக்குட்டையளவு கரையில் ஏழெட்டு ஃபைபர் படகுகளை ஒன்றோடொன்று இடிக்கும்படி ஏற்றி வைத்திருந்தார்கள்.