பழவேற்காடு ஏரியின் சூழலியல்

பழவேற்காடு ஏரி என்பது தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்திலும் (2022 வரை நெல்லூர் மாவட்டம்) பரந்துள்ள ஓர் உவர்நீர்க் காயல் ஆகும். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்முனையும் அதையொட்டிய முகத்துவாரமும் தமிழகத்தில், பொன்னேரிக்குக் கிழக்கே அமைந்துள்ளன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்ட மணல்தீவாகச் சிறீஅரிக்கோட்டா கிடக்கிறது. பெயரில் ஏரி என வழங்கினாலும் இது பாசன ஏரி அன்று. கடலோடு மூச்சு வாங்கும் நீர்நிலை என்பதே பொருத்தமான விளக்கம்.

பவளப்பாறைகள் இல்லாத கரை

தமிழகக் கடலுயிர்களின் வளர்ப்பிடம் என்றவுடன் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளே நினைவுக்கு வரும். பவள உயிரிகளின் உடலினுள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து அவற்றுக்கு உணவளிக்கின்றன. எனவே பவளம் வளர ஒளி ஊடுருவும் தெளிந்த நீரும், அதிகம் மாறாத உப்புத்தன்மையும் தேவை. திருவள்ளூர்க் கடற்கரையில் இரண்டும் இல்லை. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அலைகள் மணலை ஓயாது நகர்த்துகின்றன. பவளப்பாறைகள் தென்கோடியில் ஆற்றும் பணியை, அதாவது இளம் உயிர்களுக்கு உணவும் ஒதுங்கிடமும் தருவதை, இக்கரையில் பழவேற்காடு, எண்ணூர் ஆகிய கழிகளே ஆற்றுகின்றன.

நீரியல்

ஆரணி ஆறு, காளங்கி ஆறு, சுவர்ணமுகி ஆறு ஆகியவை இவ்வேரிக்கு நன்னீர் தருகின்றன. பக்கிங்காம் கால்வாய் இதனைத் தெற்கே எண்ணூர்க் கழியுடன் இணைக்கிறது. நீர்ப்பரப்பு ஏற்ற வற்றங்களுக்கேற்ப ஏறத்தாழ 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை மாறுபடும். ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் ஒரு மீட்டர்கூட இராது. வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் ஆவியாதல் மிகுந்து, உப்புத்தன்மை கடல்நீரையும் விஞ்சிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உயிர்களே இங்கு நிலைக்கின்றன.

முகத்துவாரமும் இறாலும்

ஏரியின் பொருளாதாரம் இறாலைச் சார்ந்தது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் சில வாரங்களில் ஏற்றநீருடன் முகத்துவாரம் வழியே காயலுக்குள் நுழைகின்றன. சேற்றுத்தரையின் மட்கிய பொருள்களையும் நுண்ணுயிர்களையும் உண்டு, சில மாதங்களில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை முதலிய பல மீன்களும் இவ்வாறே போய்வருகின்றன. ஆகவே முகத்துவாரம் அடைபட்டால் பாதிக்கப்படுவது ஏரி மீனவர்கள் மட்டும் அல்லர். கடலில் வலைவீசுவோருக்கும் இறால் குறையும். அவர்களுடைய படகுகள் கடலுக்குச் செல்வதும் இவ்வழியாகவே.

இங்கு முகத்துவாரம் மணலால் தூர்வது புதிதன்று. சோழமண்டலக் கரையோரம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. இதன் குறுக்கே அலைதடுப்புச் சுவர் கட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் மெரினா அகன்றதும், இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிபட்டதும் இதற்கான பாடநூல் எடுத்துக்காட்டு. முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி அதனை நிலையாகத் திறந்து வைக்கவேண்டும் என்பது மீனவர்களின் நெடுங்காலக் கோரிக்கை. அச்சுவர்களும் மணல் நகர்வின் குறுக்கே நிற்பவையே என்பதால், அவற்றுக்கு வடக்கே உள்ள கரையையும் சேர்த்தே திட்டமிட வேண்டியுள்ளது.

பாடு முறை

பழவேற்காட்டு மீனவர்களிடையே மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் வழக்கம் 'பாடு' எனப்படும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதில் முதன்மையானவை. முகத்துவாரத்தையொட்டிய வளமான இடங்களில் கம்பு ஊன்றிச் சுற்றுவலை கட்டும் உரிமை, ஊரின் தலைக்கட்டுகளுக்குள் சுழற்சி முறையில் வழங்கப்படுகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போவதில்லை. ஒரே இரவில் எல்லாரும் ஓரிடத்தில் வலை கட்டுவதும் இல்லை. வளத்தைக் காக்கும் ஏற்பாடாக ஆய்வாளர்கள் இதனைப் பாராட்டுவதுண்டு. எனினும் தலைக்கட்டு உரிமை பிறப்பால் வருவதாகையால் பிற சாதியினருக்கு இதில் இடமில்லை என்பதையும் கூறியாக வேண்டும். வலையோ படகோ இல்லாத இருளர் பழங்குடியினர், பெண்கள் உட்பட, ஓலைப்பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். நீர் கெட்டால் முதலில் பாதிக்கப்படுபவர்களும் இவர்களே. அந்நீரிலேயே மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவர்கள் வேறு யாருமில்லை.

பறவைகள்

பூநாரைகள் இவ்வேரியின் அடையாளம். ஆழமற்ற சேற்றில் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி நுண்ணுயிர்களை வடித்துண்ணும் இவற்றுக்கு இதனினும் ஏற்ற இடம் தென்னிந்தியாவில் அரிது. கூழைக்கடா, உள்ளான் வகைகள், வலசை வரும் வாத்துகள் ஆகியனவும் காணப்படும். ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தமிழகப் பகுதியின் பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர்.

அச்சுறுத்தல்கள்

1990களில் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைக் கழிவு நீர்நிலையைக் கெடுத்தது, குடிநீர்க் கிணறுகள் உவர்ந்தன. சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பு, சிலிக்கா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இத்தகைய பண்ணைகள் கூடாது எனப் பெயர் குறிப்பிட்டே தடை விதித்தது.

ஏரியின் மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. இங்கு நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் மழைநீர் ஓடைகள் காயலை நோக்கியே செல்கின்றன. ஆகவே தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது அத்தொழிற்பேட்டை எல்லையோடு முடியும் செய்தி அன்று. தெற்கே எண்ணூர்க் கழி அனல்மின் நிலையங்களின் சாம்பலாலும் சுடுநீராலும் நெடுங்காலமாகச் சீர்கெட்டுள்ளது. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதிலும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போதும் இப்பகுதியில் எண்ணெய் பரவியது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் மற்றொரு விவாதப்பொருள். துறைமுகத்தை 2018இல் அதானி நிறுவனம் வாங்கியபின் இது முன்வைக்கப்பட்டது. முகத்துவாரமும் கரையும் பாதிக்கப்படும் என மீனவர்கள் எதிர்த்தனர். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன.

அயல் சிப்பி

அண்மைய அச்சுறுத்தல் மீனவர்கள் 'காக்கா ஆழி' என அழைக்கும் சிறிய கருநிறச் சிப்பி. நடு அமெரிக்க, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இவ்வினம், கப்பல்களின் சமன்நீரிலும் அடிப்பரப்பிலும் ஒட்டிப் பிற நாடுகளுக்குப் பரவுகிறது. எண்ணூர், கொசத்தலை ஆறு ஆகியவற்றில் பெருகிப் பின் பழவேற்காட்டை நோக்கி நகர்ந்தது. சேற்றுத்தரையின்மேல் கம்பளம்போல் நெருங்கி ஒட்டிக்கொள்வதால் இறால் புதையவும் மேயவும் இடமின்றிப் போகிறது. உள்ளூர் மஞ்சள் மட்டியும் மூச்சுமுட்டி மடிகிறது. அதன் கூரிய ஓடுகள் கையால் இறால் பிடிப்போரின் கைகால்களைக் கிழிக்கின்றன. செய்திகளின் அடிப்படையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தானாக வழக்கெடுத்து விசாரித்தது. அகற்றுவதும் எளிதன்று: சுரண்டி எடுக்கும்போது தப்பும் சிலவே மீண்டும் ஒரு படுகையை நிரப்பப் போதுமானவை, தோண்டும் எந்திரமோ காக்கப்பட வேண்டிய சேற்றையும் அள்ளிவிடும்.

2025 பெப்ரவரி நிலவரப்படி தமிழ்நாட்டின் 20 ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. பழவேற்காடு ஏரி அவற்றுள் இல்லை.