பொறி இசைவாக்கம்

பொறி இசைவாக்கம் என்பது தானுந்து அல்லது விசையுந்து ஒன்றின் உள் எரி பொறியையும், அப்பொறியின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் செலுத்தத்தையும், தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட நிலையிலிருந்து மாற்றி, குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டிற்கு ஏற்பச் சீரமைப்பதாகும். பட்டறை வழக்கில் இது டியூனிங் எனப்படுகிறது. பொறியின் வலுவைக் கூட்டுவதே இதன் பொருள் எனப் பலரும் கருதுவர். அது பாதி உண்மையே. பெரும்பாலான மாற்றங்கள் ஒரு சுழற்சி வேகத்தில் கிடைத்துவந்த விசையைக் குறைத்து, வேறொரு சுழற்சி வேகத்தில் கூட்டுகின்றன. அவ்வாறு இடம் மாறிய விசையைப் பயன்படுத்தச் செலுத்தத்தையும் உடன் மாற்ற வேண்டும்.

அடிப்படை

காவிரிப் படுகையில் மன்னார்குடியைச் சுற்றியுள்ள வயல்களில், நடவுக்கு முன் சேற்றுழவு செய்யும் டிராக்டர் கூண்டுச் சக்கரம் பூட்டித் தாழ்ந்த பல்லிணையில் ஊர்ந்து செல்லும். வேலை முடிந்து சாலையேறியபின் அதே டிராக்டர் உயர்ந்த பல்லிணையில் பலமடங்கு வேகமாக ஓடும். இரு இடங்களிலும் பொறி ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. சேற்றில் வேகத்தைக் கொடுத்து இழுவிசையைப் பெறுகிறோம். சாலையில் இழுவிசையைக் கொடுத்து வேகத்தைப் பெறுகிறோம். பல்லிணைப் பெட்டி புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை.

முறுக்கு விசை, திறன் என்னும் இரண்டையும் வேறுபடுத்திப் புரிந்துகொள்வது தேவை. முறுக்கு விசை என்பது வணரித்தண்டைத் திருப்பும் விசை. அதனைச் சுழற்சி வேகத்தால் பெருக்கக் கிடைப்பது திறன். எரிபொருள் உட்செலுத்தல் முறையுடன் வந்த மாருதி 800 தானுந்தின் 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று உருளைப் பொறி, நிமிடத்திற்கு 2500 சுழற்சியில் 59 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையையும், 5000 சுழற்சியில் 37 குதிரைத்திறனையும் தரும் எனக் குறிக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் 2500 சுழற்சியில் அதன் திறன் சுமார் 21 குதிரைத்திறன் மட்டுமே. 5000 சுழற்சியில் முறுக்கு விசை சுமார் 53 ஆகக் குறைந்துவிட்டது; ஆயினும் வேகம் இருமடங்கானதால் திறன் கூடியது. அந்த 53 நியூட்டன் மீட்டரை 6500 சுழற்சி வரை குறையாமல் காக்க முடிந்தால் அதே பொறி சுமார் 48 குதிரைத்திறன் தரும். பந்தயத்திற்கான இசைவாக்கத்தின் நோக்கம் பெரும்பாலும் இதுதான்.

பொறியில் செய்யப்படும் மாற்றங்கள்

உயர்ந்த சுழற்சியில் முறுக்கு விசை குறைவதற்கு முதன்மைக் காரணம், உருளை நிரம்பப் போதிய காற்றுக்கு நேரம் கிடைக்காமையே. எனவே காற்று உள்வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் அகலமாக்கப்பட்டு, வளைவுகளில் உள்ள மேடுபள்ளங்கள் தேய்த்து நீக்கப்படுகின்றன. நெம்புருள் தண்டை மாற்றி, வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்கச் செய்வது அடுத்த படி. இங்குதான் கொடுக்கல் வாங்கல் தெளிவாகத் தெரியும். நெடுநேரம் திறந்திருக்கும் வால்வு 6000 சுழற்சியில் உருளையை நன்கு நிரப்பும். 1500 சுழற்சியிலோ உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி திரும்பி வெளியேறிவிடும். அத்தகைய பொறி நெரிசலான கடைத்தெருவில் தடுமாறி அணைந்து போவதில் வியப்பில்லை.

உருளைத் தலையைச் சிறிது இழைத்து அமுக்க விகிதத்தைக் கூட்டுவது எல்லா வேகங்களிலும் பயன்தரும் ஒரு சில மாற்றங்களுள் ஒன்று. ஆனால் அதன் எல்லையை எரிபொருளின் ஆக்டேன் எண் விதிக்கிறது. எல்லையை மீறினால், தீப்பொறியால் பரவிவரும் சுடர் எட்டுவதற்கு முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். தட்டல் எனப்படும் இந்நிகழ்வு தொடர்ந்தால் பிஸ்டனின் தலை ஓட்டையாகிவிடும். தீப்பொறி விழும் நேரத்தை அளவுக்கு மீறி முன்தள்ளினாலும் இதே கேடு நேரும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். உச்சத் திறனுக்கோ 12.5 முதல் 13 பங்கு வரை உள்ள செறிந்த கலவை ஏற்றது. அகலமான காற்று வடிகட்டியை மட்டும் பொருத்திவிட்டு கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றாமல் விடுவது பரவலான பிழை. கலவை மெலிந்து, பொறி சூடேறி, வலுவும் குறையும்.

சுழற்சி வேகத்தை உயர்த்துவதற்கும் விலை உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும்போது இணைப்புத் தண்டின் மீது விழும் விசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 5000 என்பதை 6500 ஆக்கினால் அவ்விசை 69 விழுக்காடு மிகுகிறது.

தொழிற்சாலையே பொறியை எதிர்த்திசையில் இசைவாக்குவதும் உண்டு. 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்த ராஜ்தூத் 350 விசையுந்து, சப்பானிய யமகா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவம். மூல வண்டி 39 குதிரைத்திறன் உடையது. எரிபொருள் சிக்கனத்திற்காக இந்திய வடிவத்தில் திறன் சுமார் 30 ஆகவும், பின்னர் வந்த வகையில் சுமார் 27 ஆகவும் குறைக்கப்பட்டது. ஈரடிப்புப் பொறியில் உருளைச் சுவரின் துளைகளும் புகைக்குழாயின் வடிவமுமே வால்வுகளின் பணியைச் செய்வதால், அவற்றைத் திருத்தினாலே இவ்வளவு வேறுபாடு கிடைத்தது. அதே துளைகளை மீண்டும் அரத்தால் அராவி இழந்த திறனை மீட்பது இவ்வண்டியின் விரும்பிகளிடையே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது.

செலுத்தத்தில் செய்யப்படும் மாற்றங்கள்

உயர்சுழற்சிக்கு இசைவாக்கப்பட்ட பொறியின் பயன்தரும் வேக எல்லை குறுகியது. 4500 முதல் 6500 வரை மட்டுமே வலுத் தரும் பொறி ஒன்றைக் கொள்வோம். இரண்டாம் பல்லிணையின் விகிதம் 2.0, மூன்றாவதன் விகிதம் 1.3 என்றால், 6500 சுழற்சியில் பல்லிணை மாற்றும்போது பொறி 4225 சுழற்சிக்கு விழுந்து வலுவிழக்கும். மூன்றாவதன் விகிதத்தை 1.5 ஆக்கினால் 4875-க்கு மட்டுமே விழும். வண்டி தடையின்றி முன்னேறும். நெருங்கிய விகிதப் பல்லிணைப் பெட்டி என்பது இதுவே.

இறுதிச் செலுத்த விகிதத்தைக் கூட்டினால் முடுக்கம் மிகும், உச்ச வேகம் குறையும். விசையுந்துகளில் பின்பக்கப் பற்சில்லை மாற்றுவது இதற்கு எளிய வழி. பொறியில் கைவைக்கும் முன் இதனைச் செய்து பார்ப்பது செலவு குறைந்தது. பல வேளைகளில் அதுவே போதுமானதாகவும் இருக்கும்.

ஹாட் ராடும் கோயம்புத்தூரும்

பழைய, மலிவான தானுந்தை எடையைக் குறைத்து, பொறியை இசைவாக்கி விரைவு வண்டியாக்கும் வழக்கம் 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளில் வளர்ந்தது. இவ்வகை வண்டிகள் ஹாட் ராட் எனப் பெயர் பெற்றன. 1932-இல் ஃபோர்டு நிறுவனம் மலிவு விலையில் வெளியிட்ட எட்டு உருளைப் பொறி இதற்குப் பெரிதும் உதவியது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான முயற்சி பந்தயக் களத்தில் நிகழ்ந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளத்தில், மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் அவை திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த தனித் தடத்திற்கு மாறின. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன் மாருதி 800-இன் பொறியையும் பல்லிணைப் பெட்டியையும் எடுத்து, ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட இவ்வண்டி, வெளிநாட்டுப் பந்தயப் பொறிகளை இறக்குமதி செய்ய இயலாத இளைஞர்களுக்கும் வாய்ப்பளித்தது. 2005-இல் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இவ்வகை வண்டியிலேயே தொடங்கினார். கரிவரதன் 1995-இல் வான்விபத்தில் இறந்தார். கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பார்முலா மாருதியில் முதன்மையாக மாற்றப்பட்டது பொறியன்று, அது சுமக்கும் எடை. வீட்டுத் தானுந்தின் கூடு, கதவு, இருக்கை ஆகியவை நீங்கியதால் அதே பொறி முற்றிலும் வேறொரு வண்டியை இழுத்தது.

பாதுகாப்பும் சட்டமும்

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தை 100 ஆக்கினால் நிறுத்தி உள்வாங்க வேண்டிய ஆற்றல் 56 விழுக்காடு கூடுகிறது. தடுப்பான், உருளிப்பட்டை, கிளட்ச் ஆகியவற்றை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் இசைவாக்குவது ஆபத்தானது. ஆனால் பட்டறைகளுக்கு வரும் இளைஞர்களுள் பலர் முதலில் கேட்பது ஓசை கூடிய புகைக்குழாயைத்தான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவு செய்த வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. இதனால் பந்தயத்திற்கென மாற்றப்பட்ட வண்டிகள் பொதுச்சாலையில் ஓட்டப்படாமல், சுமையுந்துகளில் ஏற்றியே தடத்திற்குக் கொண்டு செல்லப்படுகின்றன.