மடிக்கணினியின் திரை: எத்தனை அங்குலம் போதும்?

முன்னாளில் நிழற்படக் கலைஞரின் தொழிற்கருவிகள் இரு வகைப்பட்டிருந்தன. கேமரா ஊர் ஊராகச் சென்று வந்தது. படத்தைப் பெரிதாக்கும் கருவியோ இருட்டறையை விட்டு அசைந்ததில்லை. நெகடிவில் கூரிய பென்சில் முனையால் முகத்தின் வடுக்களை மறைக்கும் 'டச்சிங்' வேலையும் ஸ்டுடியோவின் சாய்வு மேசையிலேதான் நடைபெற்றது. எடுப்பது ஓரிடம், செம்மை செய்வது வேறிடம் என்ற பிரிவினை இருந்தமையால், பெரிதாக்கும் கருவியின் எடை என்ன என்று எவரும் கேட்டதில்லை.

இன்றோ அந்த இருட்டறை முழுவதும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த 'போட்டோஷாப்', 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 'லைட்ரூம்' போன்ற மென்பொருள்கள், பல கருவிகள் செய்த வேலையை ஒரே திரையில் செய்து முடிக்கின்றன. ஆயினும் இதனால் புதியதொரு சிக்கல் பிறந்துள்ளது. ஒரே கருவி தோளுக்கு இலேசாகவும் கண்ணுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

இது செல்வந்தரின் பொழுதுபோக்கைப் பற்றிய ஆராய்ச்சி அன்று. திருமணம், ஞானஸ்நானம், பள்ளி ஆண்டு விழா ஆகியவற்றைப் படமெடுத்துப் பிழைக்கும் இளைஞரும் இளம் பெண்களும் நம் இல்லங்களில் பெருகி வருகின்றனர். கேமராவுக்காக நகையை அடகு வைத்த பெற்றோர், மடிக்கணினிக்காக மீண்டும் ஒரு தவணைக் கடனுக்குக் கையொப்பமிடுகின்றனர். சேமிப்பிடம் போதாவிடில் பின்னர் வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சில கணினிகளில் நினைவகத்தையும் கூட்டலாம். ஆனால் திரையை மட்டும் பின்னாளில் பெரிதாக்க இயலாது. ஆகவே முதல் நாளிலேயே தெளிந்து தேர்தல் வேண்டும்.

அங்குலம் எதனை அளக்கிறது?

கடைக்காரர் '15.6 அங்குலம்' என்று சொல்வது திரையின் அகலத்தையன்று, உயரத்தையுமன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக இழுத்த கோட்டின் நீளத்தையே ஆகும். அந்த ஓர் எண்ணைக் கொண்டு திரையின் வடிவத்தை அறிய முடியாது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தையும் உடன் அறிந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

பழைய மடிக்கணினிகள் பலவும், விலை குறைந்த இன்றைய கணினிகள் சிலவும் 16:9 என்ற விகிதத்தில் அமைந்தவை. இது தொலைக்காட்சியின் விகிதம். திரைப்படம் பார்ப்பதற்கு ஏற்றது. அண்மைக் காலத்தில் 16:10 விகிதத் திரைகள் பெருகியுள்ளன. இவை சற்றே உயரமானவை. தொழில்முறைக் கேமராக்களில் பெரும்பாலானவை தரும் படத்தின் விகிதமோ 3:2 ஆகும். இம்மூன்று விகிதங்களையும் ஒப்பிட்டால் வியப்பானதோர் உண்மை புலப்படும்.

15.6 அங்குல, 16:9 விகிதத் திரையின் உயரம் ஏறத்தாழ 19.4 செ.மீ. அதில் கிடைமட்டமான கேமராப் படம் ஒன்றைத் திரை முழுதும் விரித்தால் அதன் அகலம் 29 செ.மீ. அளவே இருக்கும், இருபுறமும் எஞ்சும் இடம் வெறுமையாகக் கிடக்கும். 14 அங்குல, 16:10 விகிதத் திரையின் உயரம் ஏறத்தாழ 18.8 செ.மீ. அதில் அதே படம் 28 செ.மீ. அகலத்துக்கு மேல் விரிகிறது. அஃதாவது, பெயரளவில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேறுபடும் இரு திரைகளில், படத்தின் அகலம் ஒரு செ.மீ. கூட வேறுபடவில்லை! ஆளுயரமாக எடுத்த நிமிர்ந்த படங்களுக்கும் திரையின் உயரமே முக்கியம். பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. செம்மை செய்யும்போது மென்பொருளின் கருவிப் பலகைகள் திரையின் இருபுறமும் இடம் பிடித்துக்கொள்கின்றன. அப்போது அகன்ற திரையே வசதி தரும். சிறிய திரை வைத்திருப்போர் 'டேப்' விசையை அழுத்தினால், போட்டோஷாப்பிலும் கணினிக்கான லைட்ரூம் கிளாசிக்கிலும் அப்பலகைகள் மறைந்து படத்துக்கு இடம் விடும். மீண்டும் அழுத்தினால் திரும்பி வரும். இப்பழக்கம் கைவந்தால் சிறிய திரையின் குறை பெருமளவு நீங்கும்.

புள்ளிகளின் கணக்கு

திரை என்பது பிக்ஸல் எனப்படும் ஒளிப்புள்ளிகளின் தொகுதி. 'முழு எச்.டி.' என்று வழங்கும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. இன்றைய கேமராக்களில் பரவலாகக் காணப்படும் 24 மெகாபிக்ஸல் படத்திலோ குறுக்கே 6000, நெடுக்கே 4000 என 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் உள்ளன. கண்ணின் கூர்மை சரியாக விழுந்துள்ளதா என்று பார்க்கப் படத்தை முழு அளவுக்கு விரித்தால், முழு எச்.டி. திரை ஒரே நேரத்தில் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கையே காட்டும். குறுக்கே 2560, நெடுக்கே 1600 புள்ளிகள் கொண்ட திரை ஆறில் ஒரு பங்கைக் காட்டும். இங்கே வேறுபாட்டை உண்டாக்குவது அங்குலமன்று, புள்ளிகளின் எண்ணிக்கையே.

புள்ளிகள் மிகுந்தால் எழுத்துகள் சிறுத்துவிடுமே என்று சிலர் அஞ்சுவர். கணினியின் அமைப்புகளில் எழுத்தின் அளவை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளலாம். படம் மட்டும் எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்திக்கொள்ளும். 1366-க்கு 768 என்ற பழைய அளவுத் திரைகள், எத்தனை மலிவாகக் கிடைப்பினும், பட வேலைக்கு உகந்தவையல்ல.

வண்ணத்தில் நேரும் இழப்பு

அளவைக் காட்டிலும் பெரிய இழப்பு வண்ணத்திலேதான் நேர்கிறது. 1996ஆம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்ட், மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற வண்ண அளவுகோலை முன்வைத்தன. கணினித் திரைகளுக்கும் இணையத்துக்கும் இன்றளவும் அதுவே பொதுவான அளவை. கலர் லேப்கள் பலவும் அதன்படி அமைந்த படங்களையே கேட்கின்றன. ஒரு திரை அந்த அளவுகோலின் வண்ணங்களில் எத்தனை விழுக்காட்டைக் காட்ட வல்லது என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

விலை குறைந்த மடிக்கணினிகளின் விவரக் குறிப்பில் '45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.' என்று காணலாம். என்.டி.எஸ்.சி. என்பது 1953ஆம் ஆண்டில் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கென வகுத்த பழைய அளவை. அந்த 45 விழுக்காடு, எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே குறிக்கும். 72 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்றிருப்பின், அது ஏறத்தாழ முழு எஸ்.ஆர்.ஜி.பி.க்கு ஒப்பாகும்.

இதன் விளைவு யாது? மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலை குறைபட்ட திரையில் வெளிறித் தோன்றும். கலைஞர் அதனை உண்மையென நம்பி, நிறத்தை மேலும் ஏற்றுவார். ஆல்பம் அச்சாகி வரும்போது சேலை தீப்பிழம்பாகவும், முகங்கள் மஞ்சள் பூசியவை போலவும் இருக்கும். 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்ற ஆல்பப் பக்கம் எந்த மடிக்கணினித் திரையையும் விடப் பெரிது. திரையில் தப்பிய குறை அங்கே தப்பாது. அச்சுச் செலவு போனது போனதுதான். அதனினும் பெரிது, அக்குடும்பம் அடுத்த விசேடத்துக்கு வேறொருவரை அழைத்துவிடும்.

எனவே திரை 'ஐ.பி.எஸ்.' அல்லது 'ஓலெட்' வகையினதாக இருத்தல் நன்று. பழைய 'டி.என்.' வகைத் திரையில் தலையைச் சற்றே தாழ்த்தினாலும் நிறமும் வெளிச்சமும் மாறித் தோன்றும். ஓலெட் திரையில் கருமை மிக ஆழமாகவும் வண்ணம் செறிவாகவும் தெரியும். ஆனால் ஒரே காட்சி நெடுங்காலம் அசையாமல் நின்றால் அதன் தடம் படிந்துவிடக்கூடும். அதனையும் அறிந்தே வாங்க வேண்டும்.

தோளின் பாரம்

1981ஆம் ஆண்டில் 'ஆஸ்பார்ன் 1' என்ற கணினி, சுமந்து செல்லத்தக்கது என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. அதன் திரை 5 அங்குலம். எடையோ ஏறத்தாழ 11 கிலோ! அந்நாளை நினைத்தால் இன்றைய கணினி எதுவும் இலேசே. ஆயினும் ஒரே நிறுவனத்தின் கருவிகளிலேயே திரையோடு எடையும் எவ்வாறு ஏறுகிறது என்று பாருங்கள். ஆப்பிள் நிறுவனம் 2022இல் வெளியிட்ட 13.6 அங்குல 'மேக்புக் ஏர்' 1.24 கிலோ, 2023இல் வெளியிட்ட 15.3 அங்குல ஏர் 1.51 கிலோ. 2021இல் வந்த 14.2 அங்குல 'மேக்புக் புரோ' 1.6 கிலோ, அதன் 16.2 அங்குல உடன்பிறப்போ 2 கிலோவுக்கு மேல்.

அரைக் கிலோ ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கேமரா, இரண்டு லென்சுகள், ஃபிளாஷ், பேட்டரிகள் என முன்னரே நான்கைந்து கிலோவைச் சுமப்பவருக்கு அது பொருட்டேயாகும். பெரிய திரைக் கணினிகள் சிலவற்றின் சார்ஜர் மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டும். விடியற்காலைப் பேருந்தில் நின்றுகொண்டே சென்று, முழுநாளும் மண்டபத்தில் நடந்து, இரவில் திரும்புவோரின் தோளையும் முதுகையும் இது சார்ந்தது. மேலும் 15.6 அங்குலக் கணினி பல கேமராப் பைகளின் உட்பகுதியில் நுழையாது. கனத்தின் காரணமாக வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லும் மடிக்கணினி, மேசைக் கணினியே ஆகிவிடுகிறது. மடிக்கணினிக்கெனக் கொடுத்த கூடுதல் விலை வீணாகிறது.

யாருக்கு எந்த அளவு?

இனி முடிவுக்கு வருவோம். மாதத்தில் பல நாட்கள் வெளியூர் சென்று, அங்கேயே படங்களைக் கணினிக்கு மாற்றி, தேர்ந்து, சிலவற்றை உடனே அனுப்ப வேண்டியவருக்கு 14 அங்குல, 16:10 விகிதத் திரையே சாலச் சிறந்தது. குறுக்கே 1920 புள்ளிகளுக்குக் குறையாமலும், எஸ்.ஆர்.ஜி.பி. முழுமையாகவும் இருத்தல் வேண்டும். ஆல்பம் அமைக்கும் நீண்ட வேலைக்கு, வீட்டு மேசையில் 24 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர் ஒன்றைப் பின்னர் கையில் காசு சேரும்போது வாங்கி இணைத்துக்கொள்ளலாம். அதன் பரப்பு 14 அங்குலத் திரையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பெரிதாக்கும் கருவி வீட்டிலிருக்க, கேமரா ஊர் சுற்றிய பழைய ஏற்பாடே இவ்விதம் மீண்டும் வருகிறது எனலாம். மடிக்கணினி பழுதடைந்து மாற்றினாலும் மானிட்டர் நிலைத்து நிற்கும்.

ஸ்டுடியோவும் வீடும் என்று இரண்டே இடங்களில், அதுவும் இரு சக்கர வாகனத்திலேயே செல்பவருக்கு 16 அங்குல, 16:10 திரை ஏற்றது. அது பழைய 15.6 அங்குலத்தின் அகலமே கொண்டது. உயரத்தில் மட்டும் 2 செ.மீ. கூடுதல். தனி மானிட்டர் வைக்க இடமில்லாத வாடகை வீட்டினருக்கும், சிற்றெழுத்தைக் காணக் கண் சிரமப்படும் நடுத்தர வயதினருக்கும் இதுவே பொருந்தும். 13 அங்குலமோ, பயணத்தில் படங்களைத் தேர்ந்தெடுக்கவும் சேமிக்கவும் போதுமானது. நாள்தோறும் பல மணி நேரம் செம்மை செய்ய அதனை மட்டும் நம்புதல் கண்ணுக்கு நல்லதன்று.

வாங்கும் முன்னும் பின்னும்

கடைக்குச் செல்லுமுன் தம் படங்கள் சிலவற்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும். செவ்வனே அச்சாகி வந்த பழைய படம் ஒன்றையும், கேமராப் பையையும் கையோடு கொண்டுசெல்வது நன்று. கணினியைப் பைக்குள் வைத்து, தோளில் மாட்டி, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பார்க்கலாம். இதில் நாணத்துக்கு இடமில்லை. ஒரே மாதிரிக் கணினியிலேயே வெவ்வேறு தரத் திரைகள் வருவதுண்டு. ஆதலால் பெயரை மட்டும் கேளாமல், அக்குறிப்பிட்ட பெட்டியிலுள்ள திரையின் விவரத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

வாங்கிய பின், படங்களைச் செம்மை செய்யும் நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் 'இரவு ஒளி' வசதியை நிறுத்திவிடுக. திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து வேலை செய்தால் அச்சில் படம் இருண்டு வரும். ஆகையால் மிதமான வெளிச்சத்தில் வைத்திடுக. வண்ணத்தை அளந்து சரிசெய்யும் கருவியை மாதம் ஒருமுறை பயன்படுத்தினாலே போதும். எனவே ஒரே ஊரிலுள்ள கலைஞர்கள் நால்வர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

கையொப்பமிடப் போகும் பெற்றோருக்கு ஒரு சொல். மகனோ மகளோ விரும்பும் கணினியைப் பற்றி உங்களுக்கு யாதும் தெரியாது என்று ஒதுங்கி நிற்க வேண்டா. அச்சான படத்தைத் திரையின் அருகே பிடித்து, அதே படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சேலையின் நிறமும் முகத்தின் நிறமும் இரண்டிலும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டுக்கடையில் நூறு சேலைகளை விரித்துப் பார்த்து நிறம் தேர்ந்த கண்கள் உங்களுடையவை. இங்கும் அவை போதும்.