சட்டையா சாட்சி?

அமெரிக்காவிலே, ஆர்க்கன்சா மாநிலத்திலே வெஸ்ட் மெம்பிஸ் என்றோர் ஊர். 1993இல் அங்கே மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டனர். ஊர் கொதித்தது. பிடிபட்டவர் யார்? ஏழை வீட்டு இளைஞர் மூவர்! ஒருவன் கறுப்புச் சட்டைக்காரன். 'மெட்டாலிகா' குழுவின் முரட்டு இசைக்கு ரசிகன். சாத்தானைக் கும்பிடுபவன் என்றனர்! சட்டையும் பாட்டும் நீதிமன்றம் ஏறின. கூடவே இன்னொருவனின் வாக்குமூலம். அதையும் அவன் பின்னர் மறுத்தான். 1994இல் கறுப்புச் சட்டைக்காரனுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கு ஆயுள் சிறை.

சட்டையின் நிறம் பார்த்துச் சந்தேகிப்போரை நாம் அறியாதவர்களா, தோழர்களே?

அதே கறுப்புச் சட்டை அணிந்த ரசிகர்கள் வாளாவிருக்கவில்லை. வழக்குக்குப் பணம் திரட்டினர். 1996இல் வெளிவந்த ஆவணப்படத்துக்கு மெட்டாலிகா தன் இசையை இலவசமாகவே தந்தது. 2011இல் மூவரும் வெளியே வந்தனர், 18 ஆண்டு கழித்து! அதுவும் எப்படி? 'நாங்கள் நிரபராதிகள்' என்று சொல்லிக்கொண்டே, குற்றத்தையும் ஒப்புக்கொண்டு!